அப்பாவின் ஆலையும் மங்குக்குப் பூசும் க்ரீமும்

கேள்வி: கொடைக்கானல் ஆனந்தகிரியில் இருக்கிறேன். வயது 29. இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஐந்தாம் மாதம். பெரியவனுக்கு நாலு வயது. என் அப்பா தெர்மாமீட்டர் ஆலையில் 1988 முதல் மூடும்வரை வேலை பார்த்தவர். அவர் வேலைக்குப் போட்ட உடுப்பை அம்மா எங்கள் துணியோடுதான் துவைப்பார். அப்பா ஒரு குப்பியில் கொண்டுவந்த பாதரசத்தைத் தரையில் உருட்டி விளையாடியிருக்கிறோம். அந்தக் குப்பி இன்னும் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. இரண்டு வருடமாக அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, வேட்டிமேல் சும்மா வைத்திருக்கும்போதுகூட. எனக்கும் இப்போது காலையில் எழுந்தால் தலைவலி, குமட்டல். வெளியே வெயிலில் வந்து உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. சின்ன வயதில் சேர்ந்த பாதரசம்தான் இப்போது வேலை காட்டுகிறதா? அது பிள்ளைக்குப் போகுமா? தெரிந்தவர் ஒருவர், முடியை வெட்டி அனுப்பினால் உடம்பில் உள்ள உலோகம் எல்லாம் தெரியும், 'டீடாக்ஸ்' டிரிப் ஏற்றினால் வெளியேறிவிடும் என்கிறார். செய்யலாமா? எங்கள் வீட்டில் காஸ் இருந்தாலும் பெரும்பாலும் விறகடுப்புதான். மாமனார் ஒரு பழைய பங்களா இடித்த இடத்தில் ஜன்னல், கதவுக் கட்டைகளை லோடாக வாங்கிப் போட்டிருக்கிறார். இரவில் குளிருக்கு மாமியார் கரிச்சட்டியில் கங்கு அள்ளி எங்கள் அறையில் வைப்பார். அப்புறம் ஒன்று, கன்னத்தில் மங்கு விழுந்திருக்கிறது. இரண்டு மாதமாக ஒரு க்ரீம் போடுகிறேன், நன்றாகக் கேட்கிறது. அதைத் தொடரலாமா?
(பெயர் வேண்டாம், ஆனந்தகிரி)

அன்புள்ள சகோதரி,

உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் உங்கள் உடம்பில் சேர்ந்த பாதரசம் இந்தப் பிள்ளைக்குப் போகாது. மூச்சு வழியாக உள்ளே போன பாதரசம் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் ஒரு வருடத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட மிஞ்சாது. பாதரசக் கழிவு விவகாரத்தில் இந்துஸ்தான் லீவரின் அந்த ஆலை மூடியது 2001இல். அப்போது நீங்கள் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டீர்கள். மூளையில் ஒரு துளி நீண்ட நாள் தங்குவது உண்டு. அது அங்கேயே ஒட்டிக்கிடப்பது, இறங்கி வந்து கர்ப்பப்பைக்குள் போவதில்லை.

ஆனால் கடிதத்தை முழுதாகப் படித்த எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. நீங்கள் பயந்து எழுதிய விஷயத்தைவிட, போகிறபோக்கில் எழுதியவை எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

கங்குச் சட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இது இன்று இரவே நிற்க வேண்டும். காலையில் தலைவலி, குமட்டல், வெளிக்காற்றுக்கு வந்தால் தெளிவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் மாதத்தில் மசக்கை அநேகமாக ஓய்ந்திருக்க வேண்டும். அதே அறையில் படுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் காலையில் தலை கனக்கிறதா, பையன் எழுந்ததும் சிணுங்குகிறானா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, அது கார்பன் மோனாக்சைடு. கங்கு புகைவதில்லை என்பதால்தான் அதை அறைக்குள் வைக்கிறோம். புகையாத கங்கில்தான் இந்த வாயு தாராளமாக வரும். வாசனை கிடையாது, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது போய் உட்கார்ந்துகொள்ளும். வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தில் தாயைவிட அதிகமாக ஏறும், இறங்கவும் அதிக நேரம் எடுக்கும். நீங்கள் இருப்பதோ 2,100 மீட்டர் உயரத்தில். கடற்கரை ஊரோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே குறைவு. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி குளிர்காலத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு 98 காட்டுகிறது, பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜனுக்கும் இந்த வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. தனி ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும், அதுவும் அறையை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான். ஒரு நாள் காலையில் தலைவலி தாங்க முடியாமல் இருந்தாலோ, பையனை எழுப்ப முடியாமல் போனாலோ கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி கங்கு வைத்திருந்தோம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். உங்களுக்குக் குளிரக் கூடாது என்று அக்கறையாகச் செய்கிறார். இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள், பழி என்மேல் இருக்கட்டும். மாலையில் வாசல் திண்ணையில் கங்கு வைத்துக் குளிர்காய்ந்தால் தவறில்லை. படுக்கும் அறைக்கு வெந்நீர்ப் பை, இரண்டு கம்பளி, வசதி இருந்தால் எண்ணெய் அடைத்த கரண்ட் ஹீட்டர். பழைய பங்களாக்களில் சுவருக்குள் கணப்பு வைத்திருக்கிறார்களே என்று கேட்பார். அதற்கு மேலே புகைபோக்கி இருக்கிறது, சட்டிக்கு இல்லை. குளியலறைக்குள் காஸ் கெய்சர் மாட்டியிருந்தால் அதையும் வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது க்ரீம். உங்கள் கடிதத்தில் பாதரசம் மூன்று இடத்தில் வருகிறது. ஆலையில் ஒன்று, பீரோவில் ஒன்று. மூன்றாவதை நீங்கள் பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கி, இரண்டே மாதத்தில் மங்கைக் கரைக்கும் க்ரீம் என்றால் எனக்கு முதல் சந்தேகம் பாதரச உப்பு. தோலில் கருமை உண்டாவதை அது தடுத்துவிடும், அதனால்தான் 'நன்றாகக் கேட்கிறது'. தோல் வழியாக ரத்தத்துக்கும் போகும், சிறுநீரகத்தில் போய்ச் சேரும். கண்ணுக்குப் பூசுபவை தவிர மற்ற அழகு சாதனங்களில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. திருட்டுத்தனமாக வரும் க்ரீம்களில் இது ஆயிரக்கணக்கில் இருக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரில் புரதம் கொட்டி, உடம்பு வீங்கி வந்த நோயாளிகளை அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் தேடித் துருவியபோது, ஒரு குறிப்பிட்ட வகை பாதிப்பு இருந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் பூசியவர்கள். 2024இல் இதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். பெரும்பாலோருக்கு க்ரீமை நிறுத்தியதும் நிலைமை தேறியது.

உங்கள் க்ரீமில் பாதரசம்தான் இருக்கிறது என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தியம் செய்ய முடியாது. அது இல்லையென்றால் அநேகமாக ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் கலந்த க்ரீமாக இருக்கும், அதையும் கர்ப்பத்தில் போட மாட்டோம். ஆகவே எதுவாக இருந்தாலும் இன்றோடு நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் இறுக மூடி, பிளாஸ்டிக் கவரில் போட்டு அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போங்கள். லேபிளில் 'மெர்குரஸ் குளோரைடு', 'கலோமெல்', 'அம்மோனியேட்டட் மெர்குரி' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். லேபிளே இல்லை, எந்த ஊரில் செய்தது என்றே இல்லை என்றால் அதுவே ஒரு தகவல். தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் சோப்புப் போட்டு அலசுங்கள். நீங்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சும் பையனுக்கும் அது ஒட்டும்.

இதற்கு ஒரு பரிசோதனை உண்டு, அது அர்த்தமுள்ளது: சிறுநீரில் பாதரசம், கூடவே கிரியேட்டினின். பெரிய லேப்களில் கேட்டால் சாம்பிள் எடுத்து அனுப்பிப் பார்த்துத் தருவார்கள். அதோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ரத்த அழுத்தம். கர்ப்பத்தில் பி.பி. ஏறி ஆல்புமின் போவது தனி வியாதி. க்ரீமாலும் ஆல்புமின் போகலாம் என்பது உங்கள் டாக்டருக்குத் தெரியாவிட்டால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வார். அதனால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். இந்த வகைப் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டுவது மீனில் இருக்கும் வகையைவிடக் குறைவு என்பது ஒரு ஆறுதல். தாய்ப்பாலில் வரும் என்பதால் பிரசவத்துக்குப் பிறகும் அந்த க்ரீம் பக்கம் போக வேண்டாம். கர்ப்பத்தில் விழும் மங்கு பிள்ளை பிறந்த சில மாதத்தில் பெரும்பாலும் தானாக மங்கிவிடும். மலையில் குளிர் தெரிவதால் வெயில் சுடுவது தெரியாது. குடையோ, விளிம்பு வைத்த தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள்.

பீரோவில் இருக்கும் குப்பியை நீங்கள் தொட வேண்டாம். தண்ணீர்போல ஓடும் பாதரசத்தை விழுங்கினால்கூட அநேகமாக அப்படியே வெளியே போய்விடும். அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் ஐந்தில் நாலு பங்கு உடம்பில் தங்கிவிடும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். மூடி இறுக்கமாக இருந்தவரை பெரிய தீங்கு இல்லை. ஆனால் நாலு வயதுப் பையன் தாத்தா வீட்டுக்குப் போகிறானே, அவனுக்கு அது எவ்வளவு அழகாகத் தெரியும் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டுக்காரரோ அண்ணன் தம்பியோ மோதிரம், செயின் எல்லாம் கழற்றிவிட்டு (தங்கத்தில் பட்டால் பிடித்துக்கொள்ளும்), கையுறை போட்டு, குப்பியை அப்படியே மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கட்டும். மேலே 'பாதரசம்' என்று எழுதி, அடுப்புச் சூடு படாத, வீட்டுக்கு வெளியே உள்ள பூட்டிய இடத்தில் வைத்துவிட்டு, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் திண்டுக்கல் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து என்ன செய்வது என்று கேட்கட்டும். சிங்க்கில் ஊற்றுவது, தோட்டத்தில் புதைப்பது, பழைய இரும்புக் கடையில் கொடுப்பது மூன்றும் வேண்டாம். மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் கிடந்த, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவிலிருந்துதானே அந்த ஆலையின் கதை ஊருக்கே தெரிந்தது. கைதவறிக் கொட்டிவிட்டால் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், வாக்குவம் கிளீனரும் கூடாது. இரண்டும் ஆவியைக் கிளப்பிவிடும். ஜன்னலைத் திறந்து, பையனை வெளியே அனுப்பி, அட்டையால் உருட்டிச் சேர்த்து, பொடி உருண்டைகளை செல்லோடேப்பில் ஒற்றி எடுக்க வேண்டும்.

அப்பாவின் விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியது. 13 வருடம் பாதரச ஆவியில் நின்றவர். அந்தக் காலத்தில் அவருக்கு ஈறு வீங்கி ரத்தம் வந்ததா, காரணமில்லாமல் எரிந்து விழுவாரா, கையெழுத்துக் கோணியதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இவையெல்லாம் பாதரசத்தின் அடையாளங்கள், அவருடைய மருத்துவக் கோப்பில் இருக்க வேண்டியவை. 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் ஒப்பந்தம் போட்டதோடு இந்தக் கணக்கு முடிந்துவிட்டதாக ஊரில் சிலர் பேசுகிறார்கள். மருத்துவக் கணக்கு அப்படி முடிவதில்லை. சிறுநீரகத்தை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் இப்போதைய நடுக்கத்தை அந்தக் கோப்பில் போட்டு மூடிவிட எனக்கு மனமில்லை. பாதரச நடுக்கம் ஆலையில் இருந்த காலத்தில் வரும், டம்ளரை எடுக்கும்போது, பொத்தான் போடும்போது கூடும், வெளியே வந்தபின் மெல்லக் குறையும். ஆலை மூடி இருபது வருடத்துக்கு மேல் கழித்து, கை சும்மா கிடக்கும்போது புதிதாகத் தொடங்கும் நடுக்கம் அந்த மாதிரி இல்லை. பார்க்கின்சன் நோயாக இருக்கலாம். தைராய்டாக இருக்கலாம். மூச்சிரைப்புக்கு இன்ஹேலரோ, வேறு ஏதாவது மாத்திரையோ எடுக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் இன்று நல்ல வைத்தியம் இருக்கிறது. 'எல்லாம் அந்த ஆலையால் வந்தது, என்ன செய்ய' என்று உட்கார்ந்துவிட்டால் அந்த வைத்தியம் அவருக்குக் கிடைக்காமல் போகும். மலையில் இப்படி உட்கார்ந்துவிட்ட குடும்பங்கள் ஒன்றிரண்டு அல்ல. மதுரை அல்லது தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தப் பிரிவில் வேலை, கண்ணாடி ஊதும் இடமா, பாதரசம் நிரப்பும் இடமா என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள். இப்போது அவர் சிறுநீரில் பாதரசம் பார்ப்பதில் பயனில்லை. அளவு சாதாரணம் என்றே வரும், அன்று ஆலையில் அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்கு யாராவது அதைச் சாட்சியாகக் காட்டுவார்கள்.

முடிப் பரிசோதனைக்கும் டிரிப்புக்கும் வருவோம். மீன் வழியாக வரும் பாதரசத்தை அளக்க ஆராய்ச்சிகளில் முடியை எடுப்பது உண்டு. ஆலை ஆவிக்கும் க்ரீமுக்கும் அது உதவாது. ஷாம்பு, தலைச்சாயம், தூசி எல்லாம் அதில் ஏறும். அந்த ரிப்போர்ட்டில் இருபது உலோகம் போட்டு நாலைந்தைச் சிவப்புக் கட்டத்தில் காட்டியிருப்பார்கள், டிரிப் விற்க அது போதும். சிலர் முதலில் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைப் பிடித்துப் பார்ப்பார்கள். அந்த மருந்தைக் கொடுத்தால் யாருக்கும் அளவு ஏறும், அதைச் சாதாரண அளவோடு ஒப்பிடுவது மோசடி. உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்துகள் இருப்பது உண்மை. கடுமையான நச்சுக்கு, மருத்துவமனையில் படுக்க வைத்து, அளந்து கொடுப்பவை அவை. துத்தநாகம் முதலிய தேவையான சத்துக்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். தவறான வகை மருந்தை ஏற்றி ரத்தத்தில் கால்சியம் விழுந்து உயிர் போன சம்பவங்கள் வெளிநாட்டில் பதிவாகியிருக்கின்றன. கர்ப்பத்தில், அளவே தெரியாமல், தெரிந்தவர் சொன்னார் என்று? வேண்டவே வேண்டாம்.

இந்தக் கடிதத்தில் உலோகத்துக்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை நான் எழுதுவதாக இருந்தால் அது காரீயத்துக்கு, உங்களுக்கும் பையனுக்கும். காரணம் மாமனார் வாங்கிப் போட்ட லோடு. பழைய பங்களா ஜன்னல் கட்டைகளில் பல தலைமுறைப் பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயின்ட்டை எரித்தால் காரீயம் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்க்கிறீர்களா? கீரைப் பாத்திக்குப் போடுகிறீர்களா? விழுங்கிய காரீயத்தில் பெரியவர்கள் உடம்பு பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டால் சின்னப் பிள்ளைகள் ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். பாதரசம்போல இது இரண்டு மாதத்தில் போகிற சரக்கும் இல்லை. எலும்பில் பல வருடம் தங்கும், கர்ப்பத்தில் எலும்பு கரையும்போது ரத்தத்துக்கு வரும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து தேவைப்படுவது அதைவிடப் பல மடங்கு ஏறினால்தான். பெயின்ட் அடித்த கட்டைகளை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளைத் தவறாமல் போடுங்கள். இரும்புச் சத்து குறைந்த உடம்புதான் காரீயத்தை அதிகமாக இழுக்கும்.

பெயின்ட் இல்லாத விறகும் நல்லதல்ல என்பதைச் சொல்லாமல் விட முடியாது. காற்றில் நுண்துகள் (பி.எம். 2.5) 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், நம் நாட்டு அளவு 60. விறகெரியும் அடைத்த சமையலறையில் சமைக்கிற நேரத்தில் பல நூறு இருக்கும், ஈர விறகு என்றால் கேட்கவே வேண்டாம். எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளுக்கும், ஐந்து வயதுக்குள் வரும் நிமோனியாவுக்கும், பீடியைத் தொட்டே பார்க்காத பாட்டிகளின் மூச்சிரைப்புக்கும் இந்தப் புகைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சீசனில் ஏரிச்சாலையில் நிற்கும் வண்டிப் புகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இதைப் பேசுவதில்லை, வீட்டுக்குள் இருப்பதால். சிக்கனம் எனக்குப் புரிகிறது. பிரசவம் வரைக்குமாவது உங்கள் கைச் சமையலை காஸில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரும் மாட்டுக்குக் கஞ்சியும் வெளி அடுப்பில், மழைக்கு நனையாமல் உலர்த்திய விறகில் நடக்கட்டும், அதையும் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மீன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொடைக்கானல் ஏரி நீரிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது; பிள்ளை பெறும்வரை ஏரி மீன் வேண்டாம். கீழிருந்து வரும் மத்தி, நெத்திலி தாராளமாகச் சாப்பிடலாம், பிள்ளையின் மூளைக்கு நல்லது. பிரசவம் ஆனதும் பால் ஊற யாராவது சுறாப்புட்டு செய்துகொண்டு வருவார்கள். சுறா, பெரிய வஞ்சிரம், பெரிய சூரை ஆகியவற்றில் பாதரசம் அதிகம். அவர்கள் மனம் நோகாமல் மத்திப்புட்டு கேளுங்கள், செய்முறை ஒன்றுதான்.

இந்த வாரமே செக்கப்புக்குப் போக முடிந்தால் போங்கள். க்ரீம் டப்பா, காலைத் தலைவலி, கங்குச் சட்டி, பெயின்ட் கட்டை நான்கையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அங்கேயே பி.பி.யும் ஆல்புமினும் பார்த்துவிட்டு வாருங்கள். காரீயமும் சிறுநீர்ப் பாதரசமும் பார்த்த ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.